வேட்டை மீனுக்கு பெல்லட்டா, பச்சை இரையா? தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும்: முழுமையான வழிகாட்டி

ஆஸ்கார், அரோவனா, ஃப்ளவர்ஹார்ன், ரெட் டெயில் கேட்ஃபிஷ், விரால் என்று ஊனுண்ணி மீன் வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் தொட்டி வைத்திருப்பவர்களை மனதில் வைத்திருக்கிறேன். இங்கே கடலும் பக்கம், வாய்க்காலும் பக்கம். பச்சை இரை, அதாவது உயிர் மீன், இறால், கறி போன்ற சமைக்காத இரை, சுலபமாகக் கிடைக்கும் என்பதாலேயே பலர் யோசிக்காமல் அதில் இறங்கிவிடுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடச் சாப்பாடு பெல்லட்டாக, அதாவது கடையில் விற்கும் உருண்டைத் தீவனமாக இருக்க வேண்டும். பச்சை இரை வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். இதில் பெரும்பாலும் சறுக்குவது வரிசையில்தான். பெல்லட் வாங்கிப் போட்டுப் பார்த்து, மீன் துப்பியதும் மறுபடி உயிர் மீனுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. மீனின் வாயையும் வயதையும் பாருங்கள்

அரோவனாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும். காட்டில் அது நீர்ப்பரப்பில் விழும் பூச்சிகளையும் வண்டுகளையும் பிடித்துத் தின்னும். அதற்கு மிதக்கும் பெல்லட்தான் சரி. ரெட் டெயில் அடியில் மேயும், இருட்டில் சுறுசுறுப்பாகும். அதற்கு மூழ்கும் பெல்லட், அதுவும் விளக்கை அணைத்த பிறகு. ஆஸ்காரும் ஃப்ளவர்ஹார்னும் எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளும்.

பெல்லட்டின் அளவு ஏறக்குறைய மீனின் கண் அளவுக்கு இருந்தால் போதும். பெரிய மீன் என்று பெரிய உருண்டையாகப் போட்டால் கடித்து உடைத்து, பாதியைத் தண்ணீரில் கரைத்துவிடும்.

மூன்று அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சு சீக்கிரம் பழகும். ஆனால் பட்டினி தாங்காது. வளர்ந்த மீன் பட்டினி தாங்கும், பழக நாளாகும். ஆறாவது படியில் எத்தனை நாள் பட்டினி போடலாம் என்பது இதை வைத்துத்தான்.

இனத்துக்கு இனமும் வித்தியாசம் உண்டு. ஃப்ளவர்ஹார்ன் தொல்லையே தராது. அரோவனாவும் விராலும் நடுத்தரம். பண்ணைகளில் விராலைக் குஞ்சிலேயே மிதவைத் தீவனத்துக்குப் பழக்குகிறார்கள், அதனால் பண்ணைக் குஞ்சு வாங்கினால் பாதி வேலை முடிந்தது. டேட்னாய்டு, நீண்ட தாடை கொண்ட கார் மீன் போன்ற வேட்டை இனங்கள் பிடிவாதம் பிடிக்கும். அவற்றுக்கு ஒன்பதாவது படி.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஓடிப் பழகிய பில்டர். புதுத் தொட்டியில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் வரும் அம்மோனியா என்ற நச்சைச் சிதைக்கும் பாக்டீரியா பில்டரில் வளர்ந்து நிலைக்க பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் துப்பிய தீவனமும் சேர்ந்தால் தண்ணீர் தாங்காது.

அம்மோனியா சோதிக்கும் திரவக் கிட். தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

நீளமான இடுக்கி ஒன்று, மீதத்தை எடுக்க சின்ன வலை ஒன்று, மீனுக்கு மட்டும் என்று ஒரு கத்தி, மூடி போட்ட ஒரு டப்பா. வீட்டுச் சமையல் அருவாமனையில் மீன் இரையை நறுக்காதீர்கள். சோப்பு மிச்சமும் மிளகாய்ப்பொடியும் தொட்டிக்குள் போக வேண்டாம், பச்சை இரையின் கிருமி உங்கள் சமையலுக்கும் வர வேண்டாம்.

கனமான மூடி. பசித்த அரோவனா துள்ளும். பழக்கும் வாரத்தில்தான் அது வெளியே விழுகிற ஆபத்து அதிகம், அதனால் மூடியின் மேல் எடை வையுங்கள்.

மீன் வந்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கவரில் வந்த மீன் முதலில் அமைதியாகட்டும். அதுவரை அது எதைத் தின்கிறதோ அதையே கொடுங்கள். நோய் இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் சாப்பாட்டு மாற்றம்.

3. பெல்லட் வாங்கும்போது

பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். சேர்மானப் பட்டியலில் மீன் தூள், கிரில் (கூனி போன்ற சிறு கடல் உயிரி), இறால் தூள் முதலில் வர வேண்டும். கோதுமையும் சோயாவும் முன்னால் நின்றால் அந்தப் பாக்கெட்டை வைத்துவிடுங்கள். குளத்தில் ரோகு, கட்லாவுக்குப் போடும் மிதவைத் தீவனம் மலிவுதான், ஆனால் அதில் புரதம் பெரும்பாலும் 30 சதவீதத்தைத் தொடாது. ஊனுண்ணிக்கு அது பத்தாது.

மூட்டையிலிருந்து அள்ளி எடைபோட்டுத் தருவதை வாங்காதீர்கள். எப்போது பிரித்தார்கள் என்று தெரியாது. காற்றுப் பட்டதும் கொழுப்பு சிக்கு வாடை பிடிக்கும், வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். இரண்டு மாதத்தில் தீர்கிற அளவு பாக்கெட் போதும்.

டெல்டாவில் ஐப்பசி கார்த்திகை ஈரம் பொல்லாதது. தொட்டி மூடிமேல் டப்பாவை வைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. விளக்குச் சூடும் நீராவியும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்த தீவனம் கல்லீரலைக் கெடுக்கும். காற்றுப் புகாத டப்பாவில், தொட்டிக்குத் தள்ளி வையுங்கள். கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் தயங்காமல் குப்பையில் போடுங்கள்.

4. பச்சை இரை: எது சரி, எது கூடாது

இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள். தொட்டிக்கு வரும் நோயில் பெரும்பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது.

முதலில் விலக்க வேண்டியது கடையில் ‘ஃபீடர்’ என்று விற்கும் சின்ன கோல்ட்ஃபிஷ்ஷும் கெண்டைக் குஞ்சும். காரணம் இரண்டு. ஒன்று, நெருக்கடியான தொட்டியில் பட்டினியாகக் கிடந்த மீன் அது. வெண்புள்ளி, மீன் பேன், நங்கூரப் புழு, குடல் புழு எல்லாம் அதோடு சேர்ந்து வரும். ஆசனவாயில் சிவப்பு நூல் போலத் தொங்கும் கமலானஸ் புழு அப்படி வருவதுதான். இரண்டு, கெண்டை இனத்துச் சதையில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். மாதக்கணக்கில் அதையே தின்ற மீன் பசி குறைந்து, நிலை தடுமாறி நீந்தும். ஃப்ரீசரில் வைத்தால் இந்த நொதி போகாது, வேகவைத்தால்தான் போகும். நெத்திலி வகைகள் சிலவற்றிலும், சில சிப்பி, இறால் வகைகளிலும்கூட இது உண்டு. அதனால் எந்தப் பச்சை இரையையும் முழுச் சாப்பாடாக்கக் கூடாது.

அடுத்தது வாய்க்கால் மீன். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கிற வருஷங்களில், ஆடி வாக்கில் வாய்க்காலெல்லாம் புதுத்தண்ணீர் ஓடும். பசங்க துண்டு போட்டு அள்ளி வரும் குஞ்சு மீனைத் தொட்டியில் விட ஆசையாகத்தான் இருக்கும். அதே நேரத்தில் குறுவை வயலில் மருந்தடிக்கிறார்கள், வடியும் தண்ணீர் அந்த வாய்க்காலுக்குத்தான் வருகிறது. மருந்து பட்டு மயங்கிய மீன்தான் துண்டில் சுலபமாக மாட்டும். வயல் தவளை, நத்தை, நண்டு எல்லாவற்றுக்கும் இதே பேச்சு. சாக்கடையில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவும் வேண்டாம்.

மாட்டு இதயம், கோழி ஈரல், கோழிக் கறி இவற்றையும் வழக்கமாக்காதீர்கள். நிலத்து விலங்கின் கொழுப்பை மீனின் உடல் சரியாகப் பயன்படுத்தாது. மீனின் உடலுக்குள் கொழுப்பு சேர்ந்து, கல்லீரலும் கெடும். மீன் பெருத்து அழகாக இருப்பதாகத்தான் வெளியிலிருந்து தெரியும்.

மத்தி மீனில் எண்ணெய் அதிகம். தண்ணீர்மேல் படலம் கட்டும், ஃப்ரீசரிலேயே சிக்கு பிடிக்கும். கருவாடு உப்புக்காகவே கூடாது.

அப்படியானால் எது சரி? கடல் இறால் முதல் இடம். கடலில் இருக்கும் ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை நன்னீர்த் தொட்டியில் தொடர்ந்து பெருக முடியாது, கொள்ளிடத்து இறாலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கணவாய் சின்னத் துண்டாக, எண்ணெய் குறைந்த வெள்ளைச் சதை மீன் முள் நீக்கி, இவையும் நல்லதே. அரோவனாவுக்குப் பண்ணையில் வளர்த்த சில்வண்டு கிடைத்தால் கொடுக்கலாம். வீட்டுக் கரப்பான் வேண்டாம், எந்த வீட்டில் ஸ்பிரே அடித்தார்கள் என்று தெரியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கடல் இறால் விலை ஏறும், பழைய சரக்கும் கலந்து வரும். சீர்காழி, வேதாரண்யம் பக்கத்துப் பண்ணை வனாமி இறால் அப்போதும் கிடைக்கும், அதை வாங்கலாம். இன்னும் நல்லது, மீனைப் பெல்லட்டுக்குப் பழக்கும் வேலையை அந்த நாட்களில் வைத்துக்கொள்வது. வெயில் காலத் தண்ணீரில் மீனுக்குப் பசி நன்றாக இருக்கும்.

5. பச்சை இரையைத் தயார் செய்தல்

காலையில் வாங்கி, உடனே வேலையை முடியுங்கள். இறாலின் தலைக் கொம்பைக் கிள்ளி எறியுங்கள், குடல் நரம்பை உருவுங்கள். எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட மீனுக்கு ஓட்டை உரிக்க வேண்டாம். ஓடு நார்ச்சத்துப் போல வேலை செய்யும், அதிலுள்ள அஸ்டாசாந்தின் என்ற நிறமி சிவப்பு நிறத்துக்கும் உதவும். சின்ன மீனுக்கு உரித்துவிடுங்கள்.

நல்ல தண்ணீரில் அலசி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். மொத்தமாக உருட்டி வைத்தால் ஒரு துண்டுக்காக எல்லாவற்றையும் உருக்க வேண்டிவரும். மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரமாவது இருக்கட்டும். பெரும்பாலான ஒட்டுண்ணிகள் அதில் சாகும், பாக்டீரியா எல்லாம் சாகாது. ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பொட்டலத்தின் மேல் தேதியும் ‘மீன் தொட்டிக்கு’ என்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அது குழம்புக்குப் போய்விடும்.

உருக்குவது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், டப்பாவில். உருகி வடிந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அது அம்மோனியாவுக்குத்தான் தீனி. உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

கரண்ட் நீண்ட நேரம் போய், பொட்டலம் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு உருகியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பச்சை இரையை மட்டுமே நம்பியிருக்கும் மீனுக்கு அந்த மாதிரி நாட்களில் கொடுக்க எதுவும் இருக்காது.

6. பெல்லட்டுக்குப் பழக்குதல்

முதல் கட்டம், உயிர் இரையிலிருந்து செத்த இரைக்கு. இடுக்கியில் இறால் துண்டைப் பிடித்து மீனின் முகத்துக்கு நேராக அல்லாமல் பக்கவாட்டில் இழுங்கள். இந்த மீன்கள் அசைவைப் பார்த்துத்தான் பாயும், முகத்துக்கு நேரே நீட்டினால் மிரண்டு பின்வாங்கும். துண்டை நீரிலேயே விட்டுவிட்டு, கீழே விழுவதற்குள் மீன் எடுக்கிறது என்ற நிலை வந்த பிறகே அடுத்த கட்டம்.

இரண்டாம் கட்டம், ஒளித்துக் கொடுப்பது. கட்டைவிரல் அளவு இறால் வாலை முதுகுப் பக்கம் கீறுங்கள். இறாலை அலசிய கொஞ்சம் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறிய இரண்டு பெல்லட்டை அந்தக் கீறலுக்குள் அழுத்தி மூடி, கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் பிரியாமல் நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள், நீரில் கரையும் வைட்டமின்கள் போய்விடும். ஆஸ்கார் முதல் தடவை இதை மென்று, செவுள் வழியாகப் பெல்லட் தூளை மட்டும் புகை மாதிரி ஊதித் தள்ளும். இறால் உள்ளே, தீவனம் வெளியே. பலர் இந்த இடத்தில் மனம் தளர்கிறார்கள். சற்றுப் பொறுத்துப் பாருங்கள். கீழே விழுந்த துகளைத் திரும்பிப் போய் முகர்ந்து, வாயில் எடுத்து, மறுபடி துப்பினால் அது நல்ல அறிகுறி. துப்புகிற மீன் ருசி பார்க்கிற மீன். இரண்டு மூன்று நாளில் துப்புவது குறையும். அப்போது இறாலைச் சின்னதாக்கி, பெல்லட்டை நாலாக்குங்கள்.

மூன்றாம் கட்டம், பசி. வளர்ந்த, உடம்பு தேறிய மீனுக்கு மூன்று நாள் எதுவும் கொடுக்காதீர்கள். நாலாம் நாள் வழக்கமான நேரத்தில் இரண்டே பெல்லட். பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் வலையால் அள்ளிவிட்டு விளக்கை அணையுங்கள். மறுநாள் அதே நேரம், அதே இரண்டு. நல்ல உடம்புள்ள பெரிய மீன் ஒரு வாரம் பத்து நாள் பட்டினியைத் தாங்கும். குஞ்சுக்கு இந்தக் கட்டமே கூடாது. அதற்கு ஒரு வேளை மட்டும் தள்ளிப்போட்டு, பொடித்த பெல்லட் தடவிய இறாலையே சில நாள் தொடருங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் போன் வரும். “அண்ணே, நாலு நாளா வாயே வைக்கலண்ணே, பாவமா இருக்குண்ணே. ஒரே ஒரு இறால் போட்டுடவா?” என்று கேட்பார்கள். போடாதீர்கள். போட்டீர்களானால், இத்தனை நாள் காத்திருந்தால் இறால் வரும் என்று மீன் கற்றுக்கொள்ளும். அடுத்த தடவை இன்னும் அதிக நாள் பிடிவாதம் பிடிக்கும். நிறுத்த வேண்டிய அறிகுறிகள் வேறு: தலைக்குப் பின்னால் முதுகுச் சதை குழிவது, அடியில் சாய்ந்து கிடப்பது, மூச்சு வேகமாவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பழைய இரையைக் கொடுத்து, ஒரு மாதம் தேற்றி, மறுபடி இரண்டாம் கட்டத்திலிருந்து வாருங்கள்.

அரோவனாவுக்கு ஒரு உபாயம். ஏர் டியூபை வளையமாக மூட்டி மிதக்கவிட்டு அதற்குள் பெல்லட் போடுங்கள், அந்த நேரம் பில்டரின் நீர்வீச்சைக் குறையுங்கள். பெல்லட் மூலைக்கு ஒதுங்காது, மீனும் அந்த வளையத்தைச் சாப்பாட்டு இடமாகப் பழகும். பெல்லட் தின்னும் இன்னொரு மீன் தொட்டியில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். போட்டி வந்தால் பிடிவாதம் தானாகக் குறையும்.

7. பழகிய பிறகு வாரம் எப்படி

வளர்ந்த மீனுக்கு நாலைந்து நாள் பெல்லட், ஒருநாள் அல்லது இரண்டு நாள் இறாலோ கணவாயோ, ஒருநாள் பட்டினி. குஞ்சுக்குத் தினம் இரண்டு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, பட்டினி நாள் இல்லாமல்.

பச்சை இரை நாளையும் பெல்லட் நாளையும் கலக்காதீர்கள். ஒரே வேளையில் இரண்டும் போட்டால் இறாலைத் தின்றுவிட்டுப் பெல்லட்டை விட்டுவிடும், பழக்கியதெல்லாம் வீண்.

ஆஸ்கார் கண்ணாடியருகே வந்து ஆடும், எப்போதும் பசிப்பதுபோலத்தான் நடிக்கும். அதன் முகத்தைப் பார்த்துப் போடாமல் எண்ணிப் போடுங்கள். வயிறு லேசாக உருண்டால் நிறுத்த வேண்டும். மார்கழி தையில் தண்ணீர் குளிர்ந்து செரிமானம் மெதுவாகும், அப்போது அளவைக் குறையுங்கள்.

8. தண்ணீரைச் சோதித்தல்

பச்சை இரை போட்ட மறுநாள் காலை அம்மோனியா பாருங்கள். பூஜ்யம் இல்லாவிட்டால், போட்டது அதிகம் அல்லது எங்கோ துண்டு கிடக்கிறது. மரக்கட்டைக்கு அடியில், பில்டர் வாயில் தேடுங்கள்.

பெல்லட்டிலும் புரதம்தான், அதுவும் அம்மோனியாவாகத்தான் மாறும். ஆனால் சதைத் துண்டு மறைவில் அழுகுவது நம் கண்ணுக்குத் தெரியாது. நம் பக்கத்து போர் தண்ணீரில் பல இடங்களில் பி.எச். (அமில, கார அளவு) 8-ஐ ஒட்டியிருக்கிறது. பி.எச்.சும் சூடும் ஏற ஏற அதே அளவு அம்மோனியா அதிக விஷமாகும். சித்திரை வெயிலில் தொட்டி 32 டிகிரிக்குப் போகும் வீடுகளில் மதியம் தீனி போடாமல் காலையில் போடுங்கள். வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றம் கட்டாயம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள்.

9. பழகவே மாட்டேன் என்கிற மீனுக்கு

மூன்று முயற்சிக்குப் பிறகும் உருண்டையைத் தொடாத மீன்கள் உண்டு. அவற்றை வதைக்க வேண்டாம். பெல்லட்டின் சத்தை வேறு வழியில் உள்ளே அனுப்பலாம்.

வெள்ளைச் சதை மீனும் இறாலும் சேர்த்து 300 கிராம் எடுத்து அவித்து அரையுங்கள். அவிப்பதால் தயமினேஸ் தொல்லை போகும். நல்ல பெல்லட் 100 கிராமைப் பொடித்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் கடல்பாசி 5 கிராமை 200 மில்லி தண்ணீரில் முழுக்கக் கரையும்வரை கொதிக்கவிட்டு இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் அரைத்ததையும் பொடியையும் சேர்த்துக் கிளறித் தட்டில் ஊற்றுங்கள். கொதிக்கும்போதே பெல்லட் பொடியைப் போட்டால் வைட்டமின்கள் சூட்டில் கெடும், அதிகமாக ஆறவிட்டால் கடல்பாசி கட்டிப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டாது. கெட்டியானதும் நீளவாக்கில் விரல் விரலாக நறுக்கி, பொட்டலமாக ஃப்ரீசரில் வையுங்கள்.

இதை இடுக்கியில் ஆட்டிக் கொடுத்தால் டேட்னாய்டுகூட வாய் வைக்கும். அடுத்தடுத்த தடவை செய்யும்போது இறாலைக் குறைத்துப் பொடியைக் கூட்டிக்கொண்டே போங்கள். பொடி பாதிக்கு மேல் ஏறியும் மீன் விடாமல் தின்றால், ஒரு நாள் அந்தத் துண்டோடு வெறும் பெல்லட் ஒன்றையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.